அழித்தெழுதிய ஏடும் கவிழ்ந்து கிடந்த கல்லும்

சிலேற்றுப் பலகையில் எழுதிப் படித்த பெரியோர்கள் ஒன்றை அறிவார்கள். ஈரத்துணியால் எவ்வளவு துடைத்தாலும் நேற்றைய கணக்கு முழுவதும் மறைவதில்லை. இன்றைய பாடத்தின் கீழே அதன் சுவடு மங்கலாகத் தெரிந்துகொண்டேயிருக்கும். மனித குலத்தின் சரித்திரமும் ஏறக்குறைய இத்தகைய பலகையே. ஒரு தலைமுறை எழுதியதை மற்றொரு தலைமுறை அழித்து, அதன்மேல் தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்கின்றது. அழித்தது அடியோடு போயிற்றா, கீழே மறைந்து கிடக்கின்றதா என்று தேடிப் பார்ப்பது இக்காலத்தில் ஒரு தனிக் கல்வியாக வளர்ந்துள்ளது. அக்கல்வியைப் பற்றியும், அது நம் நாட்டுக்கும் நம் கோயில்களுக்கும் எவ்வளவு வேண்டியது என்பதைப் பற்றியும் இம்மலரிலே சிறிது கூற விழைகின்றோம்.

யவனர் ஏடுகள்

பழைய கிரேக்கர் தம் நூல்களை முதலிற் பப்பைரஸ் என்னும் கோரைத் தாளிலும், பின்னர் ஆடு கன்று முதலியவற்றின் தோலைப் பதப்படுத்திய ஏட்டிலும் எழுதினர். தோலேடு மிகுந்த விலையுடையது. ஒரு பெரிய புத்தகத்துக்கு ஒரு மந்தையின் தோலே வேண்டியிருக்கும். ஆகவே படிப்பாரற்றுப் போன பழைய புத்தகத்தை எடுத்து, மையைக் கழுவியுஞ் சுரண்டியும் அகற்றிவிட்டு, அத்தோலிலே வேறொரு நூலை எழுதும் வழக்கம் உண்டாயிற்று. இவ்வாறு எழுதப்பட்டதை 'மீண்டுஞ் சுரண்டியது' என்று பொருள்படும் பாலிம்செஸ்ட் என்னுங் கிரேக்கச் சொல்லாற் குறிப்பர். தமிழில் அழித்தெழுதிய ஏடு எனலாம்.

மிஷன் பாடசாலை வாங்கிலிருந்து விஞ்ஞானம் படித்த நம்மிற் பலருக்கு ஆர்க்கிமிடீசின் பெயர் பழக்கமானது. நீரில் மிதக்கும் பொருள்களைப் பற்றி அம்மேதை எழுதிய நூலின் கிரேக்க மூலம் இன்று ஒரேயோர் ஏட்டிலேதான் உள்ளது என்பது பலருக்குத் தெரியாது. பத்தாம் நூற்றாண்டிலே கொன்ஸ்தாந்திநோப்பிளில் அவருடைய நூல்கள் சில ஒரு தோலேட்டிற் படியெடுக்கப்பட்டன. 1229ஆம் ஆண்டில் அந்த ஏடு பிரிக்கப்பட்டு, எழுத்துச் சுரண்டப்பட்டு, ஒவ்வொரு தாளும் மடித்துக் குறுக்காகத் திருப்பப்பட்டு, கிறிஸ்தவ செபப் புத்தகம் ஒன்றாக மாறியது. கணிதத்தின்மேல் மன்றாட்டுக்கள் ஏறின. துறவிகள் பலநூறு ஆண்டுகள் அதனைக் கையில் வைத்துச் செபித்தனர். அடியிற் கிடந்தது யாதென்று அவர்களுட் சிலராவது அறிந்திருந்தனரோ என்னவோ.

1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹைபர்க் என்னும் அறிஞர் அச்செபப் புத்தகத்தைக் கொன்ஸ்தாந்திநோப்பிளிலே கண்டார். பூதக்கண்ணாடியையும் நிழற்படங்களையும் துணையாகக் கொண்டு மங்கிய வரிகளை எழுத்தெழுத்தாகப் படித்தார். வளைந்த உருவங்களை மெல்லிய கீற்றுக்களாக்கித் தராசில் நிறுப்பதாகக் கற்பனை செய்து, அவற்றின் கன அளவை ஆர்க்கிமிடீஸ் எவ்வாறு கண்டறிந்தார் என்பதை விளக்கும் நூல் அதில் இருந்தது. உலகம் இழந்துவிட்டதாகக் கருதிய நூல் அது. பின்னர் அந்த ஏடு மறைந்து போயிற்று. 1998இல் நியூயோர்க் ஏலத்திலே 20 இலட்சம் டொலருக்கு விலைபோய், பால்ட்டிமோர் நகரத்து வால்ட்டர்ஸ் கலைக்கூடத்திற்கு ஆராய்ச்சிக்காக வந்தது. இடைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதுவும் போதாதென்று, விலையை உயர்த்த எண்ணிய எவரோ இருபதாம் நூற்றாண்டிலே சில பக்கங்களின்மேற் பொன் பூசிய போலிச் சித்திரங்களையும் எழுதிவிட்டிருந்தனர்.

அதனைப் படித்த முறை வியப்புக்குரியது. கண்ணுக்குப் புலனாகும் ஒளி, புலனாகாத ஒளி எனப் பலவகை ஒளியில் ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்துக் கணினியிலே சேர்த்தனர். ஓர் ஒளியில் மேலெழுத்து மட்டுந் தோன்றும். வேறோர் ஒளியில் இரண்டுந் தோன்றும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அடியெழுத்துத் தெளியும். பொன் பூசிய பக்கங்களை ஸ்டான்போர்ட் எக்ஸ்-கதிர்க் கருவியின் முன் வைத்தனர். பழைய மையிலே இரும்பு கலந்திருந்தது. மை சுரண்டப்பட்ட பின்னும் அவ்விரும்பின் துகள் தோலிலே தங்கியிருந்தது. பொன்னை ஊடுருவிச் சென்ற கதிர் அந்த இரும்பைக் காட்டிக்கொடுத்தது. ஆர்க்கிமிடீசின் நூல்களோடு, ஹைப்பரைடீஸ் என்னும் ஆதென்ஸ் நாவலரின் சொற்பொழிவுகளும் அந்த ஏட்டினுள்ளே அகப்பட்டன.

இவ்வாறே சீனாய் மலையிலுள்ள புனித கத்தரீன் மடத்துப் பழைய ஏடொன்றில், சீரிய மொழியெழுத்தின் அடியிலிருந்து ஹிப்பார்க்கஸ் என்னும் வானநூலார் அளந்த விண்மீன் இடக்கணக்கின் ஒரு பகுதி மீட்கப்பட்டு 2022இல் வெளியாயிற்று. அப்பக்கங்களில் வானநூற் செய்தி உண்டென்பதை 2012இல் முதலிற் கண்டுபிடித்தவர் விடுமுறைப் பயிற்சியாக அவற்றை ஆராய்ந்த ஒரு மாணாக்கரே. இளைஞர் சங்கத்தார் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆர்க்கிமிடீசைச் சுரண்டிய எழுத்தரைக் குற்றஞ் சாட்டுதல் எளிது. ஆனால் அவர் அத்தோலைச் செபப் புத்தகமாக்கியிராவிடின் அது அடுப்புக்கோ குப்பைக்கோ போயிருக்கும். செபப் புத்தகமானபடியால் மடத்தார் அதைக் காத்தனர். அழித்தவர் கையே காத்த கையும் ஆயிற்று. எழுத்து மறைந்தாலும் எழுதப்பட்ட பொருள் எஞ்சியிருக்குமானால் நம்பிக்கைக்கு இடமுண்டு என்பதே இந்த ஏடுகள் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

நம் ஓலையின் இயல்பு

நிற்க. நம்மிடத்தே இத்தகைய ஏடுகள் உண்டா என்று வினவலாம். பனையோலையிலே எழுத்து மேற்பரப்பில் நிற்பதன்று. எழுத்தாணி கீறிய பள்ளத்திலே கரியைப் பூசித் துடைக்க, பள்ளத்தில் தங்கிய கரியே எழுத்தாகத் தோன்றும். பள்ளத்தைச் சுரண்டியகற்றப் புகுந்தால் ஓலையே கிழியும். ஆகையால் ஓலையை அழித்து மறுபடி எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. அந்த இயல்பினால் ஒரு நன்மையும் உண்டு. கரி மங்கிவிட்டால் மீண்டுங் கரி பூசினாற் போதும். கீறிய எழுத்துத் தெளியும்.

ஆனால் ஓலைக்குத் தோலின் ஆயுள் இல்லை. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளே நிற்கும். செல்லும் பூச்சியும் அதற்கு முன்னரே உண்டுவிடும். ஆகவே தமிழ் நூல் ஒன்று நிலைக்க வேண்டுமாயின் ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் படியெடுத்தல் வேண்டும். ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் நூல் இறந்துபடும். அவ்வாறு இறந்துபடும் வேளையிலே தோன்றியவர்கள் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும், உத்தமதானபுரம் சாமிநாதையரவர்களும் ஆவர். பிள்ளையவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார்கள்; ஓலைகள் கைபட்ட மாத்திரத்தே நொறுங்குவதை நேரிற் கண்டு தம் பதிப்புரையிலே மனம் நொந்து எழுதினார்கள். அதே ஆண்டிலே ஐயரவர்கள் சீவக சிந்தாமணியையும், 1892இற் சிலப்பதிகாரத்தையும், 1894இற் புறநானூற்றையும் வெளியிட்டார்கள். ஹைபர்க் பூதக்கண்ணாடியோடு ஒரு நூல்நிலையத்தில் அமர்ந்தார். நம் பெரியோர்களோ வண்டியிலும் கால்நடையிலும் ஊரூராய் அலைந்து, பரண்களிலும் மடங்களிலும் தேடினார்கள்.

சுவரின்மேற் சுவர்

அழித்தெழுதிய தோலேட்டுக்கு நேரான பொருளை நம் நாட்டிலே தேட வேண்டுமானால் ஓலையை விட்டுச் சுவரையும் கல்லையும் பார்க்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலை இராசராச சோழன் 1010இல் முடித்தான். கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட பாதையின் சுவர்களிலே சோழர் காலத்து ஓவியர்கள் சுந்தரமூர்த்தி நாயனார் கைலை செல்வது, திரிபுரமெரித்த பெருமான் முதலிய காட்சிகளைத் தீட்டினர். ஏறக்குறைய 600 ஆண்டுகள் கழிந்தபின், நாயக்கர் காலத்தில் அச்சுவர்களின்மேற் புதிய சுண்ணச் சாந்து பூசிப் புதிய ஓவியங்களை எழுதினர். சோழர் ஓவியம் மறைந்தது, மறந்தும் போயிற்று. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் அப்பாதையினுள்ளே சென்று, மேற்சாந்து பெயர்ந்த இடத்திலே வேறொரு சாயல் தெரிவதைக் கண்டார். தமிழ்நாட்டு ஓவியத்தின் பொற்காலம் அந்த வெடிப்பின் வழியே வெளிப்பட்டது.

அதன்பின் நேர்ந்ததே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. கீழோவியத்துக்காக மேலோவியத்தை உடைத்தெறிந்திருக்கலாம். தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அவ்வாறு செய்யவில்லை. நாயக்கர் ஓவியத்தைச் சாந்தோடு பக்குவமாகப் பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளிலே பதித்தனர். சோழனும் நின்றான், நாயக்கனும் நின்றான். பழமையைத் தேடுபவர் பின்வந்ததை வெறுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

கல்லிலே கிடைத்த பாடம்

இனி நம் ஈழநாட்டுக்கு வருவோம். 1911ஆம் ஆண்டிலே காலி நகரத்திற் கிறிப்ஸ் வீதித் திருப்பத்தில், மதகொன்றின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த பலகைக்கல் ஒன்றை டொமலின் என்னும் இஞ்சினியர் கண்டார். உயரம் 4 அடி 9 அங்குலம். அகலம் 2 அடி 6 அங்குலம். தடிப்பு 5 அங்குலம். புரட்டிப் பார்த்தபோது அதிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்திருந்தது. சீனப் பேரரசர் யுங்லோவின் ஆணையால் 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுப் பொறிக்கப்பட்டு, செங் ஹோ என்னுங் கடற்படைத் தலைவர் மரக்கலத்திற் கொணர்ந்த கல் அது.

சீன எழுத்துப் புத்தபகவானைப் போற்றுகின்றது. தமிழெழுத்து, தெவிநுவரை என இன்று வழங்கும் தெனாவரையில் எழுந்தருளிய தெனாவரை நாயனாராகிய திருமாலைப் போற்றுகின்றது. பாரசீக எழுத்து இசுலாமியர் வழிபாட்டைச் சார்ந்தது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று நீளும் காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறக்குறைய ஒரே தன்மையது. தமிழ்ப் பகுதியைப் பரணவிதான அவர்கள் எப்பிகிறாபியா செலனிக்கா மூன்றாந் தொகுதியிலே படித்து வெளியிட்டார். மூன்றனுள்ளும் மிகத் தேய்ந்தது பாரசீகப் பகுதியே. இக்கல் இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது.

தெனாவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தனர். கோயில் போயிற்று, காணிக்கை போயிற்று, காணிக்கைக்குச் சாட்சி சொன்ன கல் மட்டும் மதகின்மேற் கிடந்து பிழைத்தது. அதன்மேல் எத்தனை பேர் நடந்தார்களோ! தமிழரும் சிங்களவரும் முசிலிம்களும் அருகருகே வாழும் நம் முந்தற் கரையோரத்தார்க்கு அக்கல் சொல்லும் செய்தி தனிச்சிறப்புடையது. அந்நாளிலே அயல்நாட்டரசர் ஒருவர் இத்தீவின் மூன்று சமயத்துக்கும் ஒப்பக் காணிக்கை வைத்தார்.

திருகோணமலையிலும் இத்தகைய சான்றுண்டு. 1624இற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். பிரெடெரிக் கோட்டை வாயிற் கல்லிலே மீன் உருவமும் சிதைந்த தமிழெழுத்தும் இன்றுங் காணக்கிடக்கின்றன. நமக்குத் தெற்கே சிலாபத்துக்கு அருகிலுள்ள முன்னேச்சரமும் 1578இல் அவர்களால் இடிக்கப்பட்டது. ஆயினும் ஆறாம் பராக்கிரமபாகு மன்னன் அக்கோயிலுக்கு வழங்கிய கொடையைக் கூறும் கிரந்தக் கல்வெட்டு எஞ்சி நின்று, சிங்கள மன்னனொருவன் சிவாலயத்தைப் பேணியதற்குச் சான்றாகின்றது.

அழிப்பவர் யார்?

இதுவரை கூறியவற்றைக் கேட்போர், அழித்தவர்கள் பறங்கியரும் பிறநாட்டாருமே என்று எண்ணுதல் கூடும். அவ்வெண்ணம் பாதியே சரியானது. நம் கையாலேயே நாம் அழிப்பவை சிறிதல்ல. திருப்பணி என்ற பெயரால் பழைய கருங்கல்லை அகற்றிச் சீமெந்து பூசுகின்றோம். எழுத்துள்ள அதிட்டானத்தின்மேல் வழுவழுப்பான ஓடு பதிக்கின்றோம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் சுண்ணாம்பின்மேற் சுண்ணாம்பும் வர்ணத்தின்மேல் வர்ணமும் அடிக்கின்றோம். உபயகாரர் பெயரைப் புதிய சலவைக்கல்லிற் பொறித்து, பழைய உபயகாரர் பெயருள்ள கல்லை வாசற்படியாக இடுகின்றோம். பக்தியிற் குறைவில்லை, பார்வையிலே குறைவுண்டு.

நம் முன்னோர் இவ்வாறு செய்யவில்லை. பத்தாம் நூற்றாண்டிற் சோழப் பேரரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவற் கோயிலைக் கருங்கல்லாற் புதுப்பித்தபொழுது, பழைய கற்களிலிருந்த சாசனங்களைப் புதிய சுவரிலே மறுபடியும் வெட்டுவித்தார். பழைய கல்லின் படி என்ற குறிப்பையும் உடன் எழுதுவித்தார். கோயிலும் புதிதாயிற்று, பழைய கொடையாளியின் பெயரும் நின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் அறிந்த முறையை இன்றைய திருப்பணிச் சபைகள் பின்பற்றுதல் அரிதன்று.

இன்னொன்றும் உண்டு. சுரண்டியதை மீட்கலாம், பூசியதைப் பிரிக்கலாம், கவிழ்ந்ததைப் புரட்டலாம், எரிந்ததை எந்தக் கதிராலும் மீட்க முடியாது. 1981 ஆனி பிறக்கு முன் ஓரிரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளுக்கு அன்றோடு முடிவு. அந்தச் சாம்பலுக்கு அடியெழுத்து இல்லை. இதனாலேதான் படியெடுத்தல் ஒரு பொழுதுபோக்கன்று என்கின்றோம். 2005இலே தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூல்நிலையம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் படமாக்கி எவரும் படிக்க வைத்திருப்பது அத்துயரத்துக்கு ஏற்ற மறுமொழிகளுள் ஒன்று.

நமது கடமை

புத்தளம் மாவட்டத்தார்க்கு இப்பணி புதிதன்று. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) அவர்கள், ஆதாரங்கள் மறையுமுன் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி, 1859இல் ஆங்கிலத்திலே நூலாக்கினார்கள். வாழ்க்கை வரலாறு எழுதிய கிரேக்க ஆசிரியரின் பெயரால் அதற்குத் 'தமிழ் புளூட்டாக்' என்று பெயரிட்டார்கள். அவருக்குப் பல்கலைக்கழகமில்லை, எக்ஸ்-கதிரில்லை. அரசாங்க உத்தியோகத்தின் நடுவே கிடைத்த நேரத்திற் கேட்டும் தேடியும் எழுதினார்கள்.

நாம் என்ன செய்யலாம்? முந்தல், உடப்பு முதலான நம் கரையூர்களிலே வைத்திய வாகடம், சாதகம், அம்மானை, காணியுறுதி முதலியன எழுதிய ஓலைகள் பழைய பெட்டிகளில் இருக்கக்கூடும். பெரியோர்கள் அவற்றைப் பயனற்றவை என்று கருதி எறியாதிருக்க வேண்டுகின்றோம். இளைஞர்கள் அவற்றைத் தண்ணீராற் கழுவாமல், ஒழுங்கு குலைக்காமல், ஒவ்வோர் ஓலையாகப் படமெடுக்க வேண்டும். கோயிலிலே வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கல்லின் எல்லாப் பக்கங்களையும் பார்க்க வேண்டும். இரவிலே கைவிளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால், பகலிற் காணாத எழுத்து நிழல் விழுந்து தெரியும். செலவில்லாத பரிசோதனை இது. எழுத்துத் தென்பட்டால் உளியோ கம்பித் தூரிகையோ இடாது, தொல்பொருளியல் திணைக்களத்துக்கும் பல்கலைக்கழகத்தார்க்கும் அறிவிக்க வேண்டும். அக்கல்லில் இருப்பது தமிழோ, சிங்களமோ, அரபியோ என்று பாராமல் அறிவிக்க வேண்டும். நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தும் ஒருவர் நமக்காக எழுதி வைத்ததே.

கல்லைப் புரட்டிப் பார்த்தவர் ஓர் இஞ்சினியர். வெடிப்பினுள்ளே உற்று நோக்கியவர் ஓர் ஆசிரியர். மங்கிய பக்கத்திலே விண்மீனைக் கண்டவர் ஒரு மாணாக்கர். இவர்கள் செய்தது பெரும்பாலும் ஒன்றே: பிறர் கடந்து சென்ற இடத்திலே சற்று நின்று பார்த்தார்கள். அடுத்த திருப்பணிக்குச் சுண்ணாம்பு கரைக்குமுன் நாமும் ஒருமுறை நின்று பார்ப்போமாக.